கூடாரம், குன்று, பப்: நாயோடு ஒரு விடுமுறை

இங்கிலாந்தில் நாய் வளர்க்கும் நம்மவர்களுக்கு விடுமுறை வந்தாலே ஒரு தலைவலி. ஊருக்கு விமானம் ஏறுவதென்றால் நாயைக் காப்பகத்தில் விடத்தான் வேண்டும். ஆனால் கோடையில் நாலைந்து நாள் இங்கேயே சுற்றிவர நாயைப் பிரிய வேண்டியதில்லை. கூடாரம் போட வயல், நடக்க மலைப்பாதை, களைப்பாற பப் என்று மூன்றிலும் நாய்க்கு இடம் தருகிற நாடு இது. மான்செஸ்டரில் குடியிருக்கும் நாங்கள் எங்கள் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு பல கோடைகளாகப் பீக் டிஸ்ட்ரிக்ட் போய் வருகிறோம். அங்கே கற்றதில் முதன்மையானது இது: நாய் ஓடியாடும் பச்சைப் புல்வெளி ஒரு விவசாயியின் பிழைப்பு, அது படுத்துறங்கும் பப்பின் தரை இன்னொருவரின் தொழிலிடம். இதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் பயணம் சுகமாக அமையும்.

எங்கே போகலாம்?

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஈடேல். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டின் நடுவில், மலைகள் சூழ்ந்த சின்னக் கிராமம். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ஹோப் வேலி ரயில் அங்கே நிற்கும். மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரம், ஷெஃபீல்டிலிருந்து அரை மணி நேரம். பிரிட்டிஷ் ரயில்களில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை இலவசமாக அழைத்துப் போகலாம்; கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், இருக்கையில் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். கார் இல்லாதவர்களும் தோளில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு போய்வரலாம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே முகாம்தளங்களும் இரண்டு பப்புகளும் இருக்கின்றன.

மலையில் கண்ட இடத்தில் கூடாரம் போடலாமே என்று சிலர் நினைப்பார்கள். இங்கிலாந்தில் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் அப்படித் தங்க முடியாது. டார்ட்மூர் பொதுநிலம் மட்டும் விதிவிலக்கு. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமையை உறுதி செய்தது. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான திறந்த நிலங்களில் பொறுப்போடு தங்கலாம். பீக் டிஸ்ட்ரிக்டில் முகாம்தளம்தான் வழி.

பதிவு செய்யும் முன் ஒரு தொலைபேசி

'நாய்களுக்கு அனுமதி உண்டு' என்ற ஒற்றை வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த வரிக்குள் பல நிபந்தனைகள் ஒளிந்திருக்கும். நான் கூப்பிட்டுக் கேட்பவை இவை:

• நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டா? ஒரு கூடாரத்துக்கு எத்தனை நாய்?
• பள்ளி விடுமுறை வாரங்களிலும் ஆடுகள் குட்டி ஈனும் பருவத்திலும் நாய்களை அனுமதிக்கிறீர்களா?
• பக்கத்து வயலில் இப்போது ஆடு மாடு மேய்கிறதா? நடுவில் வேலி எப்படி?
• நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிட வேலியிட்ட இடம் ஏதும் இருக்கிறதா?
• நாயைக் கூடாரத்தில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகலாமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பெரும்பாலான தளங்களில் நாயைத் தனியே விடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இரண்டு பெரியவர்கள் போனால் முறைவைத்துக் குளித்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் வேலியோரம் கேளுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் கூடாரம் போட்டால் இரவெல்லாம் ஒவ்வொரு காலடிக்கும் நாய் குரைக்கும். மறுநாள் காலை அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியாது.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

ஜூலையிலும் அந்தப் பள்ளத்தாக்கில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும் என்பதால் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். நமக்கு விரிக்கும் அதே நுரைப்பாய் ஒன்றை நாய்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் வீட்டில் அது தினமும் படுக்கும் பழைய போர்வை; பழகிய வாசனை இருந்தால் புது இடத்திலும் சீக்கிரம் அடங்கித் தூங்கும். நனைந்து வரும் நாயைத் துவட்டத் துண்டுகள் இரண்டு. மண்ணில் திருகி இறக்கும் இரும்பு முளை ஒன்று, அதில் கட்ட நீளக் கயிறு ஒன்று. அடுத்த கூடாரத்தை எட்டாத நீளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் மினுக்கும் கழுத்து விளக்கு சில பவுண்டுதான். மழையிரவில் கறுப்பு நாயைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

பயணத்துக்கு முந்திய வாரம் வீட்டுத் தோட்டத்தில் கூடாரத்தை விரித்து ஓர் இரவு நாயோடு படுத்துப் பாருங்கள். ஜிப் சத்தம், துணி படபடக்கும் சத்தம் எல்லாம் அதற்குப் பழகிவிடும்.

கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் உள்ள வில்லை தொங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மைக்ரோசிப்பும் 2016 முதல் கட்டாயம். சிப்பில் பதிந்த தொலைபேசி எண் பழையதாக இருந்தால் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். பக்கத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈடேல் பக்கம் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. அதே காரணத்தால் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல் 1 என்ற 1:25,000 வரைபடத்தைக் காகிதமாகவே வாங்குங்கள். பாதைகள் அதில் பச்சைக் கோடுகளாக இருக்கும்.

நடை: ஆட்டின் பஞ்சாங்கம்

நாயோடு நடக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஆட்டின் பஞ்சாங்கத்தை. மார்ச் முதல் மே வரை செம்மறிகள் குட்டி ஈனும் காலம். துரத்தக்கூட வேண்டாம், நாய் பக்கத்தில் வந்த அதிர்ச்சியிலேயே சினை ஆடு குட்டியை இழக்கலாம். 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆடு மேயும் வயலில் நாய் கயிற்றிலோ நெருங்கிய கட்டுப்பாட்டிலோ இல்லாமல் திரிவதே குற்றம். மந்தையைத் தாக்கும் நாயை வேறு வழியில்லாத நிலையில் விவசாயி சுட்டாலும் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 'எங்கள் நாய் சாது' என்ற வாதம் அங்கே எடுபடாது.

வயல்களைத் தாண்டி மேலே ஏறினால் மூர் என்கிற திறந்த மேட்டுநிலம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை தருகிறது. ஆனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் இருக்க வேண்டும். ஆடு மாடு அருகில் என்றால் ஆண்டு முழுவதும். மார்ச்–ஜூலைக் கட்டுப்பாட்டுக்குக் காரணம், கர்லூ, கோல்டன் புளோவர் போன்ற பறவைகள் தரையில் முட்டையிடும் பருவம் அது. இழுத்தால் நீளும் கயிறு இங்கே உதவாது. சில காட்டுக்கோழி வேட்டை மூர்களில் நாயே கூடாது. வாசல் பலகையைப் படிக்காமல் நுழையாதீர்கள். எனக்குப் பிடித்த மாதம் செப்டம்பர். குட்டிகள் வளர்ந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

மாடுகள் விஷயத்தில் பாடம் நேர்மாறு. கன்றோடு நிற்கும் பசுவுக்கு நாயைக் கண்டால் ஆகாது. சுற்றிப் போக இடமிருந்தால் சுற்றிப் போங்கள்; தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நுழையாதீர்கள். மாடு விரட்டி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், மாட்டின் குறியும் நாய்தான். கையில் பிடித்துக்கொண்டே நின்றால் மிதிபடப்போவது நாம். ஆபத்தான நேரத்தில் கை தானாகக் கயிற்றை இறுக்கும் என்பதால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஈடேலில் தொடங்க நல்ல நடை இது: கிராமத்திலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறி, முகட்டோடு நடந்து 517 மீட்டர் உயர மாம் டோர் போய்த் திரும்பலாம். முகட்டில் கல் பாவிய பாதை, இரு பக்கமும் பள்ளத்தாக்கு. திரும்பி ஹாலின்ஸ் கிராஸ் வந்து மறுபக்கம் இறங்கினால் காசல்டன். அங்கே பப்புகளுக்குப் பஞ்சமில்லை. வேலிகளைத் தாண்டும் படிகளை மறக்காதீர்கள். ஏணிபோன்ற மரப்படியில் முப்பது கிலோ லாப்ரடாரைத் தூக்கி மறுபக்கம் விடுவது பக்கத்திலுள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறுவதைவிடச் சிரமம். வயதான நாய் என்றால் மான்சல் டிரெயில் போங்கள். 1968-இல் மூடப்பட்ட ரயில்பாதையைப் பாதையாக்கியிருக்கிறார்கள்; எட்டரை மைல், சுரங்கங்களும் பாலமுமாக ஏற்ற இறக்கமே இல்லாத நடை.

பப்: அம்மாவின் சந்தேகமும் பதிலும்

ஊரிலிருந்து வந்த என் அம்மா முதலில் கேட்டது, "ஏல, நாயையும் கூட்டிக்கிட்டுச் சாராயக் கடைக்கா போறீய?" "இல்லம்மா, இது நம்ம ஊர்ச் சாவடி மாதிரி, வந்து பாருங்க" என்றேன். வந்து பார்த்து, கணப்புப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அடுத்த நாள் அவரே கிளப்பினார். குடிக்காதவர்கள் எலுமிச்சைச் சாறும் சோடாவும் கலந்து கேட்கலாம். யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்.

நாயைப் பப்புக்குள் விடக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. சமையலறைக்குள் மட்டும் கூடாது. மற்றதெல்லாம் நடத்துபவர் விருப்பம். பல இடங்களில் கல் தரை போட்ட பார் பகுதியில் நாய்க்கு வரவேற்பு, கம்பளம் விரித்த சாப்பாட்டுப் பகுதியில் இல்லை. எனவே மேசை பதிவு செய்யும்போதே நாய் வருவதைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் உள்ளே போய்க் கேட்கும்வரை மற்றவர் நாயோடு வாசலில் நிற்பது மரியாதை. பரிமாறுபவர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான கிராமத்துப் பப்புகளில் பாரில் போய்ச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும்.

நேரம் முக்கியம். பல கிராமத்துப் பப்புகளில் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறை மூடினால் மாலைதான் திறக்கும். திங்கட்கிழமை சில மூடியே கிடக்கும். ஞாயிறு ரோஸ்ட் முன்பதிவில்லாமல் கிடைப்பது அபூர்வம். நடையைப் பப்பின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒரு மணிக்கு மேசையில் இருக்குமாறு கிளம்புகிறோம். ஈடேலின் ஓல்ட் நாக்ஸ் ஹெட் பப் வாசலில்தான் ஸ்காட்லாந்து வரை 268 மைல் நீளும் பென்னைன் வே நடைபாதை தொடங்குகிறது. சேறு படிந்த பூட்ஸும் ஈர நாயும் அங்கே புதிதல்ல.

நாயை மேசைக்கு அடியில், ஆள் நடக்கும் வழியை மறிக்காமல் படுக்க வையுங்கள். கயிற்றை நாற்காலிக் காலில் கட்டாதீர்கள். இன்னொரு நாயைப் பார்த்துப் பாய்ந்தால் நாற்காலியும் கூடவே போகும்.

சாப்பாடு, உண்ணி, வெயில்

நம்மவர் முகாமில் ஓர் ஆபத்து கூடுதல்: வெங்காயம். புளியோதரையோடு வரும் கோழிக் குழம்பு, வெங்காய வடை, பப்பில் கொடுக்கும் ஸ்டஃபிங், கிரேவி எல்லாவற்றிலும் அது உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கேசரியில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எச்சில் தட்டைப் புல்லில் வைக்காதீர்கள்.

பெரணிப் புதர் வழி நடந்தால் மாலையில் காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவி உண்ணி தேடுங்கள். லைம் நோயைப் பரப்பக்கூடியது அது. அதற்கென்றே விற்கும் கொக்கியால் திருகி எடுங்கள்; எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். கோடையில் பச்சைப் படலம் மிதக்கும் ஏரி, நீர்த்தேக்கத்தில் நாயை இறக்காதீர்கள்; நீலப்பச்சைப் பாசி சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். வெளியே 22 டிகிரி என்றாலே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி ஆகலாம். ஐந்து நிமிடக் கடை வேலைக்கும் நாயைக் காரில் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நாம் இன்று கிண்டர் ஸ்கவுட்டில் நடக்கும் உரிமை சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று, இருபது வயது பென்னி ராத்மன் தலைமையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஹேஃபீல்டிலிருந்து அந்தத் தனியார் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். அப்படிப் பெற்ற வழிகளை இன்று நாய்களால் இழக்க நேரக் கூடாது. நாய்க் கழிவிலிருந்து பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி, பசுக்களுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும். பையில் அள்ளிய கழிவைக் கிளையில் தொங்கவிடாமல் குப்பைத்தொட்டி வரை சுமந்து வாருங்கள். வறண்ட நாளில் புல்லில் அடுப்பு மூட்டாதீர்கள். வாசலைத் திறந்தால் மூடுங்கள். ஆடு கண்ணில் படுமுன்பே கயிறு கையில் இருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் நாயோடு வரப்போகும் குடும்பத்துக்கு அந்த விவசாயியும் பப்காரரும் கதவைத் திறப்பார்களா என்பது உங்கள் நடத்தையைப் பொறுத்தது.