காசு யார் கைக்குப் போனது?

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மொரீஷியஸ் சுதந்திரம் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் 1965இல் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் நடந்த மாநாட்டில் தொடங்கி, 1968 மார்ச் 12 அன்று போர்ட் லூயிஸில் ஏறிய கொடியோடு முடித்துவிட்டாய். நடுவில் மொரீஷியஸ் தலைவர் ராம்கூலாமும் வெள்ளைக்கார அமைச்சர்களும் பேசுகிறார்கள், கை குலுக்குகிறார்கள். 'சண்டை சச்சரவின்றிக் கிடைத்த சுதந்திரம்' என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியை முதலில் அடித்துவிடு.

காலனி ஆட்சியைப் பற்றி எதைப் படித்தாலும், காசு யார் கைக்குப் போனது என்று பார்ப்பது என் வழக்கம். அந்தத் தீவில் 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. பிரிட்டன் கொடுத்த நஷ்டஈடு இருபது லட்சம் பவுனுக்கு மேல்; அத்தனையும் எஜமானர்களுக்கு. அடிமையாய்க் கிடந்தவனுக்குச் சல்லிக்காசு இல்லை. 'தொழில் பழகுகிறான்' என்று பெயர் சொல்லி மேலும் சில ஆண்டுகள் அதே தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். பிறகு கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள், ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம்.

இந்தக் கணக்குதான் 1937இல் வெடித்தது. 'ஊபா' என்பது சிறு விவசாயிகள் பயிரிட்ட கரும்பு வகை. அதற்கான விலையை ஆலைக்காரர்கள் குறைக்க, ஜனங்கள் திரண்டார்கள். யூனியன் ஃபிளாக் தோட்டத்தில் துப்பாக்கி பேசியது. 1943 செப்டம்பரில் பெல் வூ ஹாரெலில் மறுபடியும் சூடு. செத்தவர்களில் அஞ்சலை என்ற கர்ப்பிணி ஒருத்தி. நம் ஊர்ப் பெயர்தான். இன்று அவள் பெயரில் அங்கே விளையாட்டரங்கமே இருக்கிறது, உன் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

1948க்கும் நீ இடம் தரவில்லை. எனக்கென்னவோ லங்காஸ்டர் மாளிகையைவிட அந்த ஆண்டு பெரிதாகப் படுகிறது. அதுவரை சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கே ஓட்டு. அந்த வருஷம்தான், தீவில் வழங்கும் ஏதாவது ஒரு மொழியில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. கரும்பு வெட்டிய கைகள் ராத்திரியில் 'பைட்கா' என்ற ஊர்க்கூடங்களில் எழுத்துக் கூட்டின. பிஸ்ஸூண்டயால் சகோதரர்களின் இயக்கம் இதற்காக ஊர் ஊராய் அலைந்தது. சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது.

எல்லோரும் ஒரே குரலில் விடுதலை கேட்டார்கள் என்றும் எழுதாதே. 1967 தேர்தலில் சுதந்திரத்தை எதிர்த்த டுவாலின் கட்சிக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த பெரும்பான்மையினரின் ஆட்சி வந்தால் தங்கள் கதி என்ன என்ற பயம், அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களிடம் நிறைய இருந்தது. அந்தப் பயத்தைத் துரோகம் என்று தள்ளிவிட முடியாது. கொடியேற்றத்துக்குச் சில வாரம் முன்புகூட போர்ட் லூயிஸில் கலவரம்; பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள்.

இனி சாகோஸ். நீ அடிக்குறிப்பில் ஒதுக்கிய விஷயம். 1965இல் விடுதலைப் பேச்சு நடக்கும்போதே பிரிட்டன் அந்தத் தீவுக்கூட்டத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டது. விலை முப்பது லட்சம் பவுன். அதில் ஒரு தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் வரவேண்டுமென்று, 1973க்குள் தீவுக்கூட்டத்திலிருந்த மக்கள் எல்லோரையும் கப்பலேற்றி வெளியேற்றினார்கள். அவர்களுடைய மறுவாழ்வுக்கென்று வந்த 6,50,000 பவுன், சுதந்திர மொரீஷியஸ் அரசின் கஜானாவில் பல ஆண்டுகள் கிடந்து, விலைவாசி ஏறித் தேய்ந்தபிறகே அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே கணக்குப் பார்க்கும்போது வெள்ளைக்காரனோடு நிறுத்திக்கொள்ளாதே.

பிரித்தது சட்டப்படி தவறு என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துச் சொன்னது. 2025 மே 22 அன்று தீவுகளை மொரீஷியஸுக்குத் திருப்பும் ஒப்பந்தம் கையெழுத்தானது. தளம் மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு. அன்று விடிவதற்குள், டியேகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்களின் வழக்கில் லண்டன் நீதிமன்றம் ஒப்பந்தத்துக்குத் தடை விதித்தது. மதியம் தடை நீங்கியது, அன்றே கையெழுத்தும் ஆனது. அந்த இரண்டு பெண்களையும் கட்டுரையில் எந்த இடத்தில் நிறுத்துவாய் என்று யோசித்து, திருத்திய படியை அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா