நாய்க்குட்டியை எடுத்து வளர்ப்பது பற்றிய மஸ்அலா

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனத்திரள் கூடுகிறது, வாகனங்களும் பெருகுகின்றன. இப்படி நெருக்கடி மிகுந்த ஊரில் தெருநாய்களும் குட்டிகளும் சக்கரத்தில் அடிபடுவதுண்டு. அத்தகைய பிராணிகளுக்கு வைத்தியம் செய்து பராமரிப்பதற்கென அருணாசலா விலங்குகள் காப்பகம் அவ்வூரில் அமைந்தது. இவ்வாறு காப்பாற்றப்பட்ட குட்டியொன்றை முஸ்லிமான ஒருவர் எடுத்து வளர்க்கலாமா? வளர்த்தால் அவர் மீது கடமையாவது என்ன? இதனை நாம் அறிந்து கொள்வது அவசியமாகும்.

முதலில் ஒன்றை மனதில் நிறுத்த வேண்டும். நாயை வீட்டில் வைப்பது வேறு. நாய்க்கு இரக்கம் காட்டுவது வேறு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து கொடுத்த மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்றும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் நன்மை உண்டென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஆகவே அடிபட்ட குட்டியைத் தூக்கிச் சென்று காப்பகத்தில் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அது நன்மையான காரியமே.

வளர்ப்பதற்கோ நிபந்தனை உண்டு. வேட்டை, கால்நடை, பயிர் ஆகியவற்றின் காவலுக்கன்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு பங்கு குறைகிறது என ஹதீஸில் வந்துள்ளது. வீட்டுக் காவலும் இதில் அடங்கும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் சரியான சொல். அவ்வேலைக்குப் பழக்கும் எண்ணத்துடன் குட்டியை வளர்ப்பதும் கூடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஆட்டுப்பட்டியோ, நிலமோ, ஊருக்கு வெளியே தனிவீடோ உடையவர் எடுக்கலாம். அழகுக்காகவும் விளையாட்டுக்காகவும் எடுப்பது கூடாது.

மற்றொரு விஷயம். நாயை விற்று வாங்குவது ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனபீ மத்ஹபில் கூடும். காப்பகத்திலிருந்து விலையின்றிப் பெறும்போது இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

சுத்தம் பற்றிய சட்டம்: ஷாபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் குற்றமில்லை. ஹனபீ மத்ஹபில் அதன் எச்சில்தான் நஜீஸ். மூன்று தடவை கழுவினால் போதும். நாய் உள்ள வீட்டில் ரஹ்மத்தின் மலக்குகள் நுழைவதில்லை என்று வந்திருப்பதால், கொல்லையிலோ தோட்டத்திலோ அதற்குக் கொட்டகை அமைக்க வேண்டும். தனித்தட்டும், தொழுகைக்குத் தனி உடையும் இருக்கட்டும்.

இனிப் பொறுப்புகளைக் கவனிப்போம். கட்டிவைத்த பிராணிக்குத் தீனி கொடுப்பது உடையவர் மீது கடமை. பூனையைப் பட்டினி போட்டு அடைத்து வைத்த பெண்ணுக்கு நேர்ந்த வேதனை நாம் அறிந்ததே. உளூச் செய்ய இருக்கும் தண்ணீர் பயன்தரும் நாயின் தாகத்துக்குத் தேவைப்பட்டால், அதற்கு அதனைப் புகட்டிவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்று நம் சட்ட நூல்கள் சொல்லும் அளவுக்கு இக்கடமை கனமானது.

குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. சிறு குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவு வேண்டும். மூன்று மாதமானதும் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் காலங்களில் தொடர வேண்டும். அது கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் முற்றிய பின் பிழைப்பது மிக அரிது.

நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். குட்டியாய் இருக்கையில் கொஞ்சிவிட்டு, வளர்ந்தபின் சாலையில் விட்டுவிடுவது அமானத்தைப் பாழாக்குவதாகும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படியும் குற்றமே. வளர்க்க இயலாமற் போனால் பொறுப்பான கையில் ஒப்படைக்க வேண்டும்.

நெருக்கமான தெருவில், கொல்லையில்லாத வீட்டில் இருப்பவர் குட்டியை எடுக்காமலிருப்பதே பேணுதல். அவர் வாசலுக்கு வெளியே ஒரு சட்டி தண்ணீர் வைக்கட்டும். கோடையில் அந்த நீரைக் குடிக்கும் வாயில்லா ஜீவனுக்காக அவருக்கும் கூலி உண்டு. அல்லாஹ் நம் அனைவருக்கும் இரக்கத்தையும் பேணுதலையும் ஒருங்கே தந்தருள்வானாக! ஆமீன்.