வாங்கில் இருக்கும் ஆச்சிமார்

வீட்டில் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், வாய் திறவாமல் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? “அவருக்கு ஒரே யோசனை” என்போம். மனச்சோர்வு நோய் என்று சொல்பவர் மிகச் சிலரே. ஆபிரிக்காவில், சிம்பாப்வே நாட்டு ஷோனா மக்களும் ஏறக்குறைய இதையே சொல்லுகின்றனர். ‘குஃபுங்கிசிசா’ என்பது அவர்களது சொல். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பது அதன் பொருள்.

2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நகர்ப்புறக் குடிசைகளையும் சிறுகடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் சபை கணித்தது. நாடு முழுவதற்கும் மனநோய் வைத்தியர்கள் பத்துப் பன்னிரண்டு பேரே. அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி, மீண்டும் வைத்தியசாலைக்கு வரப் பஸ் காசில்லாமல் வீட்டிலிருந்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

நோயாளியைத் தேடி வைத்தியம் போகவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 2006இல், தலைநகர் ஹராரேயின் ஒரு பகுதியில் அவருக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் சுகாதாரத் தொண்டர்களான 14 ஆச்சிமார். நிலையத்தினுள் அறை இல்லை. எனவே வெளியே ஒரு மரவாங்கு போடப்பட்டது. வைத்தியர் அதற்கு ‘மனநல வாங்கு’ என்று பெயரிட்டார். ஒருவரும் வந்து இருக்கவில்லை! விசர் என்ற பெயரைச் சுமக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆச்சிமாரே பெயரை மாற்றச் சொன்னார்கள். அது ‘நட்பு வாங்கு’ ஆயிற்று.

அங்கே நடப்பது வெறும் ஆறுதற் பேச்சன்று. முதலில், ஷோனா மக்களின் சொற்களிலேயே அமைந்த 14 கேள்விகள். அடுத்து ‘மனத்தைத் திறத்தல்’. வந்தவர் தம் தொல்லைகளையெல்லாம் கொட்டித் தீர்த்து, அவற்றுள் ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுப்பார். அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று பார்த்து, செய்துவிட்டு மீண்டும் வருவார். இப்படி ஆறு தடவை வரை. தீர்வை ஆச்சி சொல்லிக் கொடுப்பதில்லை. (நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது இலகுவில் வராது!) பின்னர் குணமடைந்தவர்கள் வட்டமாகக் கூடி, கழிவுப் பிளாஸ்திக்கில் பை பின்னி, நாலு காசும் தேடிக்கொள்வர்.

பலன் உண்டா? 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின், வழமையான சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வு நீடித்தது. வாங்கில் இருந்தவருள் நூற்றுக்கு 14 பேரிடமே.

ஏழைகளுக்கேற்ற மலிவுச் சிகிச்சை இது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிக் கொள்ளேன். படிப்படியாகச் சிக்கலை அவிழ்க்கும் அம்முறை மேல்நாட்டு நூல்களிலும் உள்ளதே. அதை அம்மக்களின் நாவுக்கும் மரியாதைக்கும் உரியதாக்கியவர்கள் அந்த ஆச்சிமார். நாமோ, “யோசனையாய்க் கிடக்கிறது” என்று ஒருவர் வாய் திறந்தவுடன், “யோசியாதே” என்று சொல்லி அந்த வாயை அடைத்துவிடுகிறோம்.

அந்த 14 கேள்விகளுள் ஒன்று, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. நம் வீடுகளில் நாவில் எடுக்கவும் அஞ்சும் அதை ஆச்சி நேராகவே கேட்பார். ஆம் என்றால் அவர் தனியே வைத்துக்கொள்வதில்லை. தமக்கு மேலுள்ளவரிடமும் வைத்தியரிடமும் அழைத்துப் போவார்.