பேரலுக்குள் இறங்கும் பம்ப்

பேரல் பம்ப் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்?" என்பதைத்தான். அம்பத்தூரில் மெயின்டனன்ஸ் பார்க்கும் எனக்கு அது கடைசிக் கேள்வி. எந்த ஆயில், எந்த மோட்டார் என்பதுதான் முதலில்.

விலை குறைந்த எலக்ட்ரிக் பம்ப் பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டாரில் ஓடும். விளக்கை அணைத்துவிட்டு அதன் காற்றுத் துளை வழியே பாருங்கள், நீலப்பொறி தெரியும். ஹைட்ராலிக் ஆயிலுக்கு அது பெரிய ஆபத்தில்லை. அதன் ஃபிளாஷ் பாயின்ட் 200 டிகிரியை ஒட்டி இருக்கும். டீசல் அப்படியில்லை. இந்தியத் தரப்படி 35 டிகிரி இருந்தாலே போதும்; சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் பேரல் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

"அண்ணே, டீசலுக்கும் இதையே இறக்கிடவா?" என்று புதுப் பையன்கள் யாராவது கேட்டுவிடுவார்கள்.

"தொடாத தம்பி, அதுக்கு வேற மோட்டார்."

டீசல், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாவற்றுக்கும் ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார், இல்லையென்றால் காற்றில் ஓடும் மோட்டார். பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம், எஸ்.எஸ். குழாய்தான். பேரல், பம்ப், நிரப்பும் டேங்க் மூன்றையும் ஒயரால் இணைத்து எர்த் கொடுத்த பிறகுதான் ஸ்விட்ச். கிளாம்ப் பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால் எர்த் கொடுத்தும் கொடுக்காத கணக்குதான், சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

இனி சில்லறை விஷயங்கள். பெரிய மூடியில் பம்பை இறக்கியதும் சின்ன மூடியைத் தளர்த்திவிடுங்கள்; காற்று உள்ளே போகாவிட்டால் ஓட்டம் குறையும், பேரலே உள்வாங்கும். வெறுமனே ஓடினால் சீல் போய்விடும், ஆயில்தான் அதற்குக் குளிர்ச்சி. அதனால் காது முக்கியம்: பேரல் காலியாகும்போது மோட்டார் சத்தம் மெலிந்து கீச்சென்று ஏறும், அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டோமே என்று ஹோஸை அப்படியே போட்டுவிட்டும் போகக் கூடாது. அதன் நுனி பேரலில் உள்ள ஆயில் மட்டத்துக்குக் கீழே கிடந்தால், பம்ப் நின்ற பிறகும் ஆயில் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு தண்ணீருக்கானது. 46-ஆம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில், 40 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். ஒசூர்ப் பக்கம் மார்கழிக் காலையில் பம்ப் திணறுவதாகப் புகார் வந்தால் பம்பைக் கழற்றாதீர்கள், வெயில் ஏறட்டும்.

ஒரு பம்பை ஓர் ஆயிலுக்கு ஒதுக்கி, குழாயில் கலர் அடித்து வைப்பது நல்லது. கடைசி ஆயிலுக்காகப் பேரலுக்கு ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் மழையில் நிமிர்ந்து நின்ற பேரல் என்றால் அதைச் செய்யாதீர்கள். மூடியைச் சுற்றித் தேங்கும் தண்ணீரை, இரவில் குளிரும் பேரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அடியில்தான் நிற்கும். குழாயை அடியிலிருந்து நாலு விரல் உயர்த்தியே வையுங்கள், மிச்சம் கழிவு டப்பாவுக்குப் போகட்டும்.