பூட்டச் சொல்வது யார் என்று முதலில் பார்

அன்புள்ள தம்பிக்கு,

சர்வீஸ் கடையில் சேர்ந்த புதிதில் உன்னைத் திணறடித்தது உடைந்த டிஸ்ப்ளேயோ தண்ணீர் புகுந்த போர்டோ அல்ல, "கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே லாக் ஆகிவிடுகிறது" என்ற புகார்தான் என்று எழுதியிருந்தாய். செட்டிங்ஸில் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தும் லேப்டாப் மறுநாளே திரும்பி வந்துவிட்டதாம். இதைச் சில்லறை வேலை என்று ஒதுக்காதே. பில் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி கணக்குப் போடுகிறவரை எண்ணிப் பார். நாலு பில்லைக் கூட்டிவிட்டு நிமிர்வதற்குள் திரை கறுத்துப் போகிறது. மறுபடி பாஸ்வேர்ட், மறுபடி விட்ட இடத்தைத் தேடல். நாள் முழுக்க இதே பாடு என்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நேரத்தைக் கூட்டப் போவதற்கு முன், பூட்டு என்ற உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. விண்டோஸ் லேப்டாப்பில் அப்படி உத்தரவிடும் இடங்கள் பல. ஒன்று இன்னொன்றைக் கேட்டு நடப்பதில்லை. பவர் பகுதியில் நீ 30 நிமிடம் வைத்திருக்கலாம். ஸ்கிரீன் சேவரில் 2 நிமிடம் இருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கதை முடிந்தது. உன் லேப்டாப் திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கஸ்டமர் எதிரில் இருக்கும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடு. கீயைத் தட்டினால் விட்ட இடத்துக்கே வருகிறதா, பாஸ்வேர்ட் கேட்கிறதா? திரை அணைந்த பிறகு பவர் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? சார்ஜரில் இருக்கும்போதும் இப்படித்தானா, பேட்டரியில் மட்டுமா? திரை அணைவது, பூட்டிக்கொள்வது, மெஷினே ஸ்லீப்புக்குப் போவது ஆகிய மூன்றையும் ஜனங்கள் லாக் என்றுதான் சொல்வார்கள். பிரித்துப் பார்க்க வேண்டியது நீ.

பிறகு செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, லேப்டாப்பைத் தொடாமல் உட்கார். பெரும்பாலானவர்கள் செய்யாத வேலை இது. ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் பூட்டினால் அது ஏதோ ஒரு டைமர், தேடினால் கிடைத்துவிடும். ஒருமுறை ஒரு நிமிடம், ஒருமுறை பத்து நிமிடம், ஒருமுறை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே என்று மாறிக்கொண்டே இருந்தால் டைமரைத் தேடிப் பயனில்லை. போன், கேமரா, காந்தம் என்று பார்வையைத் திருப்பு.

காந்தம் என்றதும் ஆச்சரியப்படாதே. மூடியை மூடியதும் லேப்டாப் தூங்குவது எப்படி? மூடியில் ஒரு சின்னக் காந்தம், கீழ்ப்பகுதியில் அதை உணரும் ஹால் சென்சார். அந்தச் சென்சாருக்குத் தன் மூடியிலுள்ள காந்தம் எது, வெளிக்காந்தம் எது என்று தெரியாது. காந்தக் கொக்கி வைத்த வாட்ச் பட்டையோ பிரேஸ்லெட்டோ அணிந்த கை, கீபோர்டின் ஓரத்தில் படியும் கணத்தில் மூடி மூடிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்து வேலை செய்தாலும் இதே கதை. கஸ்டமர் கொண்டுவந்து காட்டும்போது ஒழுங்காக ஓடும். அவர் வீட்டில் போய் உட்கார்ந்ததும் அணையும். அப்போது ஈவென்ட் வியூவரைத் திற. சிஸ்டம் பதிவுகளில் கெர்னல் பவர் என்ற பெயரில் 42, புதிய மாடல்களில் 506 என்ற எண்ணைத் தேடு. தூங்கப் போன காரணம் அங்கேயே எழுதியிருக்கும். சும்மா இருந்ததால் தூங்கியது என்று இருந்தால் டைமர். மூடி என்று இருந்து, கஸ்டமர் மூடியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தால், அவர் சொல்வதை நம்பு. அவர் கையைப் பார்.

டைமர்தான் என்று தெரிந்தால் வழி நேரானது. செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குப் போனால் திரை அணையவும் ஸ்லீப் ஆகவும் தனித்தனி நேரம் இருக்கும். சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. ஆக, அங்கேயே நாலு எண்கள். பலர் சார்ஜர் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அடுத்தது ஸ்கிரீன் சேவர். பழைய குழாய் மானிட்டர்களில் ஒரே படம் நின்றால் பாஸ்பரில் தடம் விழும் என்பதற்காக வந்தது. இன்றும் விண்டோஸில் இருக்கிறது. அதில் பிளாங்க் என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் திரை வெறும் கறுப்பாகிவிடும். பார்ப்பவர் பவர் செட்டிங் என்றே நினைப்பார். திரும்பி வரும்போது லாக்-ஆன் திரையைக் காட்டு என்ற பெட்டியில் டிக் இருந்தால் பாஸ்வேர்டும் கேட்கும். மூன்றாவது, அக்கவுன்ட்ஸ் பகுதியில் சைன்-இன் ஆப்ஷன்ஸ். எவ்வளவு நேரம் விலகியிருந்தால் பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்பது அங்கே இருக்கிறது. டைனமிக் லாக்கும் அதே பக்கத்தில்தான். அது ஆன் ஆகியிருந்தால், புளூடூத்தில் இணைந்த போன் எட்டிப்போனதும் லேப்டாப் தானே பூட்டிக்கொள்ளும். போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து உட்கார்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. முன்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் உள்ள மாடல்களில், ஆள் விலகியதாக நினைத்துத் திரையை அணைக்கும் வசதியும் உண்டு; அதையும் பார்த்துவிடு.

கஸ்டமர் தானே விண்டோஸ் கீயும் எல் எழுத்தும் சேர்த்து அழுத்திப் பூட்டியபின், ஒரு நிமிடத்தில் திரை அணைகிறது என்று சொன்னால் அது பழுதே அல்ல. பூட்டிய திரைக்கென்று தனியாக ஒரு நிமிட டைமர் இருக்கிறது. விளக்கிச் சொல், போதும்.

மேக்புக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் என்ற ஒரே பக்கத்தில் இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். உபுண்டுவில் திரை வெறுமையாகும் நேரமும் பூட்டும் நேரமும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வை.

இனி ஆபீஸ் லேப்டாப். இதில் கவனமாக இரு. நேரத்தை மாற்றும் இடம் மங்கலாக இருந்தாலோ, சில செட்டிங்ஸை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி தெரிந்தாலோ, கையை எடுத்துவிடு. மெஷின் இத்தனை நொடி சும்மா இருந்தால் பூட்டு என்று நிறுவனமே பாலிசி வைத்திருக்கலாம். கார்டு பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ விதிகள் 15 நிமிடத்துக்கு மேல் சும்மா விட்டால் மறுபடி அடையாளம் கேட்கச் சொல்கின்றன. பல நிறுவனங்கள் பின்பற்றும் சிஐஎஸ் பாதுகாப்பு அளவுகோலும் 900 நொடிக்கு மேல் போகாதே என்கிறது. ரெஜிஸ்ட்ரியில் புகுந்து அந்த எண்ணை அழித்தால் உனக்குக் கெட்டிக்காரன் என்ற பெயர் அன்று சாயங்காலம் வரைதான். நிறுவன நெட்வொர்க்கில் சேர்ந்ததும் பாலிசி தானே திரும்பி வந்துவிடும். அதற்குள் விதியை மீறியதாகக் கஸ்டமருக்கு மெமோ வந்தாலும் வரலாம். மவுஸைத் தானாக அசைக்கும் கருவியை விற்றுவிடாதே, சிபாரிசும் செய்யாதே. யாரும் இல்லாத மேசையில் திறந்து கிடக்கும் லேப்டாப்பில் இருப்பது வேறு மனிதர்களின் விவரம். அதற்குப் பதில், எத்தனை நிமிடத்தில் பூட்டுகிறது, எந்த வேலை தடைப்படுகிறது என்று ஐடி டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் எழுத அவருக்கு உதவு. ஸ்டாப்வாட்சில் நீ குறித்த எண் அங்கே பயன்படும்.

ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் உன் மேசைக்கும் வரும். அவற்றில் நிறைய ஒரு காலத்தில் ஆபீஸில் ஓடியவை. பழைய பாலிசியின் மிச்சம் மட்டும் இருந்தால், கஸ்டமரின் ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால் போய்விடும். புதிதாகப் போட்ட பிறகும் முதல் திரையிலேயே ஏதோ நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது என்று பொருள். அதை உடைக்க வழி தேடாதே. விற்றவரிடமே போய்ப் பதிவை நீக்கித் தரச் சொல் என்று கஸ்டமரை அனுப்பு.

கடைசியாக, நேரப் பட்டியலில் இருக்கும் நெவர் என்ற தேர்வு. கஸ்டமரை ஒரே கிளிக்கில் சந்தோஷப்படுத்தும் வழி அது. எனக்குப் பிடிக்காத வழியும் அதுதான். அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் இருக்கிறது, குடும்பத்தின் ஆதார், பான் நகல்கள் இருக்கின்றன. பஸ்ஸில் தொலைந்தால் எடுத்தவன் கையில் எல்லாம் திறந்து கிடக்கும். ஓஎல்இடி திரை என்றால் படத்தடம் பதியும் ஆபத்து வேறு. பூட்டுவதைவிடத் திறப்பதுதான் பலருக்குக் கஷ்டம் என்பதைக் கவனித்திருக்கிறாயா? கைரேகை சென்சார் இருந்தும் பதிவு செய்யாமல், நீளமான பாஸ்வேர்டைத் தினமும் அடித்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் வயதில் உள்ளவர் என்றால், விரலைப் பதிய வைத்து நாலு தடவை அவரையே திறக்கச் சொல்லிப் பார். வீட்டு லேப்டாப்புக்குச் சார்ஜரில் 15 நிமிடம், பேட்டரியில் 5 நிமிடம் என்று வைத்துத் தருவது என் வழக்கம். கைரேகையும் சேர்ந்துவிட்டால் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் புகார் வருவது அபூர்வம்.

ஜாப் ஷீட்டில் "லாக் பிரச்சினை சரி" என்று ஒற்றை வரி எழுதி முடிக்காதே. எந்த இடத்தில் மாற்றினாய், முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை நிமிடம் என்று எழுதி, கஸ்டமர் கையில் ஒரு நகல் கொடு. அடுத்த தடவை அவர் வேறு கடைக்குப் போனாலும் அங்கிருப்பவருக்கு அது உதவும்.

அன்புடன்,
உன் அண்ணன்