பாறையில் வேரோடிய சீமைக்கருவேல்: ஜோத்பூர் பூங்காவில் கண்ட பாடம்

உழவர் பெருமக்களில் சீமைக்கருவேலை வெட்டி அலுத்துப் போகாதவர் குறைவு. இந்த ஆண்டு வெட்டிய கட்டையில் அடுத்த ஆண்டு பத்துக் கிளைகள் கிளம்பி நிற்கும். கூலிக்குச் செலவிட்ட பணம் முள்ளாகத் திரும்பி வரும். மண் கண்ட நிலத்திலேயே இந்தப் பாடு என்றால், வெறும் பாறையில் முளைத்த சீமைக்கருவேலை ஒழிப்பது எப்படி? இராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தை மாசி மாதக் கடைசியில் ஒரு காலை வேளையில் சுற்றிப் பார்த்தேன்.

கி.பி. 1459இல் ராவ் ஜோதா என்னும் மன்னர் தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில், சுமார் 70 எக்டர் பரப்பில், ராவ் ஜோதா பாலைப்பாறைப் பூங்கா இருக்கிறது. வந்த கூட்டமெல்லாம் கோட்டைக்குப் போய்விட்டது. பூங்காவில் ஆள் அரவமே இல்லை. முற்காலத்தில் மழைநீரைக் கோட்டையடி நீர்நிலைக்குக் கொண்டுவரப் பாறையைக் குடைந்து வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு. இப்போது அதுவே நடைபாதை. இருபுறமும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான செம்பழுப்புப் பாறை. அதன் வயது ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். ஆண்டு மழை 360 மி.மீ. அளவுதான். நம் இராமநாதபுரத்தில் பெய்வதில் இது பாதிகூட இல்லை.

இளவேனில் என்றால் பூத்துக் குலுங்கும் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இங்கே ஏமாற்றம்தான். அந்தப் பாறைக்குப் பச்சை வருவது மழைக்காலத்தில். மாசியில் 'தோர்' என்னும் கள்ளி இலையுதிர்த்து, கொத்துக் கொத்தாகக் கைகளை உயர்த்தி நிற்கிறது. உற்றுப் பார்த்தால் தண்டில் சிறு செந்நிறப் பூக்கள். இலையே இல்லாத 'கேர்' புதர் செம்பூ விடத் தயாராக இருந்தது. அதன் காய்தான் அந்த ஊர் ஊறுகாய். கோந்து தரும் 'கும்மட்டியா' என்னும் வேல மரமும் உண்டு. இவை எல்லாம் பாறையிடுக்கிலேயே பிழைக்கப் பழகிய உள்ளூர்ச் செடிகள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே இவற்றை எளிதில் காண முடியாது. எங்கும் சீமைக்கருவேலே. அதை அவ்வூரார் 'பாவளியா' என்பர். 1930களில் ஜோத்பூர் அரசர் நிலம் பசுமையாக வேண்டும் என்று விமானத்திலிருந்து இதன் விதையைத் தூவச் செய்தார் எனக் கூறப்படுகிறது. நல்லெண்ணந்தான். ஆனால் மரம் எல்லை மதிக்கவில்லை.

2006இல் பூங்கா வேலை தொடங்கியபோது, மேலே வெட்டினால் பயனில்லை என்பது தெரிந்தே இருந்தது. பாறைக்குள் இறங்கிய வேரை எடுத்தாக வேண்டும். கோட்டையின் அருகில் வெடி வைப்பதற்கும் இல்லை. முடிவில் கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியா எனப்படும் கல்லுடைப்போர். சம்மட்டியால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே எங்கே பாறை இளகியிருக்கிறது, எங்கே கெட்டி என்று சொல்லிவிடுவார்களாம். உளியால் ஓர் அடிக்கும் மேல் செதுக்கி வேர்க்கட்டையைப் பெயர்த்தார்கள். மரம் மரமாக இதே வேலை. 2011இல்தான் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த வேலை. வேரை எடுத்த குழியை மூடிவிடவில்லை. அதிலேயே உள்ளூர்ச் செடியை நட்டார்கள். காரணம் எளியது. பாறையில் வெடிப்பும் ஈரமும் உள்ள இடத்தைத் தேடித்தானே சீமைக்கருவேல் வேர் விட்டது? அது கண்டுபிடித்துக் கொடுத்த இடம் மற்றச் செடிக்கும் ஆகும்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். சீமைக்கருவேலின் துளிர்மொட்டுகள் தரைக்குக் கீழே வேர்க்கழுத்தில் உள்ளன. தரைமட்டத்தில் வெட்டும்போது இவை தூண்டப்பட்டுப் பல கிளைகளாகக் கிளம்புகின்றன. எனவே அடிமரத்தைச் சுற்றி ஏறத்தாழ ஓர் அடி, முதிர்ந்த மரமானால் இன்னும் சற்று ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டிக் கட்டையை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் பாதி உழைப்பு மிச்சம். இயந்திரம் வைத்தாலும் கட்டை வெளியே வந்ததா என்று உடன் நின்று பார்ப்பது அவசியம். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையை ஒட்டி மரம் அகற்றிய ஒரு கண்மாயைப் பின்னர் பார்த்தேன். மேலே சீவிவிட்டுப் போன கரையில் ஆள் நுழைய முடியவில்லை. தோண்டி எடுத்த கரையில் நாற்றுகள் மட்டுமே இருந்தன.

அந்த நாற்றுகளையும் விட்டுவிடக் கூடாது. விதையின் மேலோடு கடினமானது. மண்ணில் பல ஆண்டுகள் கிடந்தும் முளைக்கும். ஆடு மாடுகள் நெற்றைத் தின்று, சாணத்திலும் புழுக்கையிலும் விதையைக் கொண்டுபோய்ப் போடுகின்றன. ஆடு வளர்ப்போர் கோபிக்க வேண்டாம், நெற்று சத்துள்ள தீனிதான். விதையும் பொடியாகும்படி அரைத்துக் கொடுத்தால் ஆட்டுக்கும் ஆகும், நிலத்துக்கும் கேடில்லை.

கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இம்மரம் வருமானம். ஒரே மூச்சில் ஊர் முழுவதும் எடுத்தால் அடுப்பும் எரியாது. ஆகவே விளைநிலம், வாய்க்கால், கண்மாய் உள்வாய் ஆகியவற்றை முதலில் தேர்ந்து, ஓர் ஆண்டில் பராமரிக்க முடிந்த பரப்பை மட்டும் எடுப்பது நலம். பெரும்பரப்பை எடுத்துவிட்டுக் கவனியாது விடுவதைவிட, கால் ஏக்கரைச் சுத்தமாக வைத்திருப்பது மேல்.

எடுத்த குழியைக் காலியாக விட்டால் சீமைக்கருவேலே மீண்டும் குடியேறும். அங்கு எதை நடுவது? ஜோத்பூர்க் கள்ளியை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. கரிசல், வண்டல் நிலமானால் நாட்டுக் கருவேல்; மேட்டுநிலமானால் வேம்பு; வறண்ட செம்மண், மணற்பாங்கானால் குடைவேலும் வன்னியும்; உவர் நிலத்தில் உகாய். வன்னி சீமைக்கருவேலுக்கு உறவு மரமே ஆயினும் குணம் வேறு. இராஜஸ்தான் உழவர் அதை வயலிலேயே விட்டு, அதன் நிழலில் கம்பு விதைத்து, இலையைத் தீனியாகவும் இளங்காயைக் கறியாகவும் கொள்கின்றனர்.

புரட்டாசியில் குழியைத் தயாராக வைத்து, ஐப்பசி மழையில் கன்று நடலாம். நட்ட பின் மூன்று மழைக்காலங்களுக்கு, மழை ஓய்ந்த ஒவ்வொரு வாரமும் ஒரு நடை போய்வாருங்கள். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் சீமைக்கருவேல் நாற்று ஈர மண்ணில் கையோடு வரும். அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் மறுபடியும் கடப்பாறைதான்.