மரபணுவைத் திருத்தும் மருந்தும், நிகாஹுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையும்



இம்மாதப் பாடமாகத் தலசீமியா என்ற ரத்த நோயையும், அதைப் பற்றி அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். "பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது, உதவுங்கள்" என்று நமக்கு வரும் மனுக்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நோய்தான் இருக்கிறது. "மரபணுவையே திருத்தி இதைக் குணமாக்கும் மருந்து வந்துவிட்டதாமே?" என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். வந்துவிட்டது உண்மைதான். அது எப்படி வேலை செய்கிறது, நம் கைக்கு எட்டுமா, எட்டும்வரை நாம் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

நோய் என்ன?

நம் ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை எடுத்து உடல் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். வளர்ந்தவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்திருக்கும். பீட்டா சங்கிலியை உண்டாக்கும் கட்டளை 11ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு பழுதாகி, பீட்டா சங்கிலி குறைவாக உருவானாலோ, உருவாகாமலே போனாலோ வருவதுதான் பீட்டா தலசீமியா. 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி இதை முதன்முதலில் தனி நோயாக விவரித்தார்.

இந்நோய் கடுமையாக உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். ஆறு மாதத்திற்குப் பிறகு வெளிறத் தொடங்கும். பால் குடிக்காது, எடை ஏறாது, வயிறு உப்பும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே வளர்க்க வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச் சத்து உடலில் சேர்கிறது. அதிகமான இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழி இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். ஆகவே இரும்பை வெளியேற்றும் மருந்தையும் விடாமல் கொடுக்க வேண்டும். ரத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டு இந்த மருந்தை நிறுத்திவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பழி யார் மீது?

இந்த மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. ஒரு பிரதி மட்டும் பழுதாக இருப்பவரைத் 'தலசீமியா மைனர்' என்கிறோம். அவர் நோயாளி அல்லர். லேசான ரத்தக் குறைவைத் தவிர வேறு தொந்தரவு அவருக்கு இராது. பலர் தமக்கு இது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள்.

மைனராக உள்ள ஆணும் மைனராக உள்ள பெண்ணும் மணந்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மைனராகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. எந்தப் பழுதும் இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றும் நலமாகத்தான் பிறக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயுள்ள பிள்ளை பிறந்தால் மருமகளைக் குறை சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. இந்த நோய் வர வேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தாக வேண்டும். தாய் ஒருத்தியால் மட்டும் இது வராது. இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது அறியாமை மட்டுமல்ல, அநீதியும் ஆகும்.

ஆய்வு தொடங்கிய இடம்

ஆறு மாதம்வரை குழந்தை ஏன் நன்றாக இருக்கிறது? புதிய மருந்து பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு வகையானது. அதில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலி இருக்கும். பிறந்த சில மாதங்களில் காமாவின் மரபணு அடங்கி, பீட்டாவின் மரபணு வேலையை ஏற்றுக்கொள்ளும். பீட்டா பழுதான குழந்தைக்கு அப்போதுதான் நோய் வெளியே தெரிகிறது.

1948இல் நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன், பீட்டா மரபணுவின் இன்னொரு பழுதால் வரும் அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகளிடம் இதைக் கவனித்து, கருப்பருவ ஹீமோகுளோபினே அவர்களைக் காக்கிறது என்று கருதினார். பின்னர் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் அரிவாள் செல் நோய் இருந்தும் லேசான தொந்தரவுகளோடு வாழ்பவர்களை மருத்துவர்கள் கண்டார்கள். அவர்களுடைய உடலில் கருப்பருவ ஹீமோகுளோபின் பெரிய வயதிலும் கணிசமாக உருவாகிக்கொண்டிருந்தது.

அப்படியானால் அடங்கிப்போன காமா மரபணுவை எல்லோரிடமும் மீண்டும் எழுப்ப முடியுமா? அதை அடக்கி வைப்பது எது? 2008இல் பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்கின், விஜய் சங்கரன் முதலிய ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். பி.சி.எல்.11ஏ என்ற புரதம்தான் காமாவை அடக்கி வைக்கிறது. இந்தப் புரதம் உடலின் வேறு வேலைகளுக்கும் தேவை என்பதால் அதை அடியோடு நீக்கிவிட முடியாது. ஆனால் சிவப்பணுக்கள் உருவாகும் இடத்தில் மட்டும் அதைத் தூண்டிவிடும் ஒரு சிறு பகுதி மரபணுவுக்குள் இருப்பதை 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டினால் போதும்.

மரபணுக் கத்திரி

வெட்டுவதற்கான கருவியும் அந்தக் காலத்திலேயே தயாராகியிருந்தது. பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸின் மரபுப் பொருளை அடையாளம் கண்டு வெட்டி எறியும் ஆற்றல் உடையவை. இந்த ஆற்றலை, நாம் குறிக்கும் இடத்தில் வெட்டும் கருவியாக ஜெனிஃபர் டௌட்னாவும் எமானுவேல் ஷார்பாந்தியேவும் 2012இல் மாற்றிக் காட்டினார்கள். இதற்குக் கிரிஸ்பர் என்று பெயர். 2020இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டையும் சேர்த்து உருவானதுதான் காஸ்ஜெவி என்ற சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வகத்தில் கிரிஸ்பர் கொண்டு பி.சி.எல்.11ஏ மரபணுவின் அந்தச் சிறு பகுதியை வெட்டுகிறார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் மீதமுள்ள பழைய செல்களைக் கடுமையான மருந்தால் அழித்துவிட்டு, திருத்திய செல்களை உடலில் ஏற்றுகிறார்கள். அவை மஜ்ஜையில் குடியேறி, கருப்பருவ ஹீமோகுளோபின் நிறைந்த சிவப்பணுக்களைத் தயாரிக்கின்றன. பழுதான பீட்டா பழுதாகவே இருக்கிறது. அதன் வேலையைக் காமா செய்கிறது.

2024இல் வெளியான ஆய்வு முடிவில், தலசீமியா உள்ள 35 பேரில் 32 பேர் ஓராண்டுக்கும் மேலாக ரத்தம் ஏற்றாமலே இருந்தார்கள். பிரிட்டன் இச்சிகிச்சையை 2023 நவம்பரிலும், அமெரிக்கா தலசீமியாவுக்கு 2024 ஜனவரியிலும் அனுமதித்தன.

நமக்கு எட்டுமா?

அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். 12 வயது நிரம்பியவர்களுக்கே முதலில் அனுமதி கொடுத்தார்கள். மஜ்ஜையை அழிக்கும் மருந்தால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படவும் கூடும். ஆகவே இதை நம்பி, நடக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

இன்று நம் நாட்டில் குணமாக்க உள்ள வழி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இதை இந்தியாவில் 1986இல் முதன்முதலில் தலசீமியாவுக்குச் செய்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தும் பிள்ளைகளுக்கு, கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா யோஜனா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய்வரை உதவி பெற வழி இருக்கிறது. மேலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டுள்ளது. பெற்றோர் உரிய சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நம் நாட்டு ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஹீமோஃபிலியா என்ற மற்றொரு ரத்த நோய்க்கு, வேலூரில் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து அவர்களுக்கு ரத்தக் கசிவு நின்றுபோன செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. நாளை தலசீமியாவுக்கும் குறைந்த செலவில் வழி பிறக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

நம் கையில் இருக்கும் பரிசோதனை

18 கோடி ரூபாய் மருந்து நம் கையில் இல்லை. ஆனால் அந்த மருந்துக்கு அடிப்படையாக இருந்த அறிவு நம் கையில் இருக்கிறது. யார் மைனர் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். முதலில் சாதாரண ரத்த அணுப் பரிசோதனை. அதில் சிவப்பணுக்கள் அளவில் சிறியவையாக இருந்தால் ஹெச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்திற்கு மேல் இருந்தால் அவர் பெரும்பாலும் மைனர். இதற்கு ஆகும் செலவு, நிகாஹ் விருந்தில் ஒரு சஹன் சாப்பாட்டுக்கு ஆகும் செலவை ஒட்டித்தான் இருக்கும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்தால் போதும். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் முடிவு மாறித் தெரியலாம் என்பதால், மருத்துவரிடம் காட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் நூறில் மூன்று முதல் நான்கு பேர் மைனர்கள் என்றும், ஆண்டுக்கு 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோயோடு பிறக்கின்றன என்றும் மதிப்பிட்டுள்ளார்கள். சொந்தத்தில் சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் மைனராக இருந்தால், அவளுடைய மாமா மகனோ சாச்சா மகனோ அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. வெளியிலிருந்து வரும் மாப்பிள்ளைக்கு அது நூறில் மூன்று, நான்குதான். சொந்தத்தில் முடிப்பது ஆகுமானதே. ஆகுமானதைச் செய்வதற்கு முன் பரிசோதித்துக்கொள்வதில் தடை ஏதும் இல்லை.

ஈரான் 1997 முதலும், சவூதி அரேபியா 2004 முதலும் திருமணத்திற்கு முன் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. சவூதியில் முடிவு என்னவாக இருந்தாலும் மணப்பதும் விடுவதும் அந்த இருவரின் விருப்பம். தொடக்கத்தில், இருவரும் மைனர் என்று தெரிந்தும் பத்தில் ஒன்பது ஜோடிகள் மணந்துகொண்டார்கள். 2009இல் பாதிப் பேருக்குமேல் வேறு இடம் பார்த்தார்கள். சட்டத்தோடு விளக்கமும் சேர்ந்ததால் வந்த மாற்றம் இது.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

"என் மகள் மைனர் என்று வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" மைனர் அல்லாத யாரையும் அவள் தாராளமாக மணக்கலாம். அவர்களுக்கு இந்நோயுள்ள பிள்ளை பிறக்காது. அறிக்கையை வீட்டார் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். பேச்சு தொடங்கும்போது இரு வீட்டாரும் தமக்குள் பார்த்துக்கொண்டால் போதும்.

"இது சாபமா, குடும்பக் குறையா?" இல்லை. இந்தப் பழுதான மரபணு மலேரியா பரவியிருந்த நாடுகளில்தான் அதிகம். ஒரு பிரதியைச் சுமப்பவரை அது மலேரியாவிலிருந்து ஓரளவு காத்திருக்கிறது. அதனாலேயே தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

"நிகாஹ் முடிந்த பிறகு தெரிந்தால்?" கர்ப்பத்தின் 10ஆவது வாரத்திற்குப் பிறகு, கருவுக்கு நோய் உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அதன்பின் என்ன செய்வது என்பது கனமான கேள்வி. மக்காவில் உள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1990இல், 120 நாட்களுக்கு முன் கடுமையான நிபந்தனைகளோடு இதைப் பற்றித் தீர்மானம் செய்துள்ளது. ஒவ்வொருவரும் தம் நிலைமையை மருத்துவரிடமும் ஆலிம்களிடமும் நேரில் சொல்லியே முடிவெடுக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆளாகாமல் இருக்கத்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கல்லூரி செல்லும் வயதிலேயே, மாப்பிள்ளை பெண் பார்ப்பதற்கு முன், பிள்ளைகளுக்கு இப்பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நாள் குறித்த பிறகு தெரிந்தால் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு.

2. ஒருவர் மைனர் என்று தெரிந்தால், அவருடைய உடன்பிறந்தாரும், தாய் தந்தை வழி உறவினரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

3. இரும்பு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்கள், மாத்திரையைத் தொடர்வதற்கு முன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

4. ஜமாஅத் நிர்வாகிகள் நிகாஹ் பதிவுக்கு வரும் குடும்பங்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், விளக்கினால் போதும்.

5. உடல்நலமுள்ள வாலிபர்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை ரத்தம் கொடுங்கள். நோயோடு ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகள் நாம் கொடுக்கும் ரத்தத்தால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பரிசோதனைக்குச் செலவு செய்ய இயலாத குடும்பங்கள் நம் அலுவலகத்தை அணுகலாம். பெயர் விவரம் வெளியே போகாது.

நோயால் வாடும் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களைச் சுமக்கும் பெற்றோருக்கு பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்